வெறும் சுவரும் வராத சுண்டலும்

பப்புக்குள் நுழையப் போன எங்களை ஒரு குடை தடுத்தது. மழை இல்லை. குடையின் மறுமுனையில் டோரத்தி பிளங்கெட் என்ற அம்மாள் இருந்தார்.

"திருடர்களுக்கு உள்ளே என்ன வேலை?" என்றார் ஆங்கிலத்தில். எழுபதைத் தாண்டியவர், ஈர்க்குச்சி உடம்பு, வட்டாரப் பாரம்பரியச் சங்கத்தின் தலைவி. குடை நுனி என் சட்டையின் மூன்றாவது பித்தானில் அழுந்தியது.

"நாங்கள் திருடனைப் பிடிக்க வந்தவர்கள்" என்றாள் நிரூபா.

"எல்லாத் திருடர்களும் அப்படித்தான் சொல்வார்கள்."

"இல்லை மேடம், பெரும்பாலும் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பார்கள்" என்றேன் நான்.

குடை நான்காவது பித்தானுக்கு இறங்கியது.

நிரூபா யாழ்ப்பாணத்துக்காரி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கிளறிக் கிளறி அலுத்துப்போய், ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாமிய நூடுல்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். நான் வாசுதேவன், கும்பகோணம். அவளுடைய உதவியாளன். வயதுக்காக அவளுக்கு நான் அங்கிள், சம்பளத்துக்காக எனக்கு அவள் பாஸ். கார் ஓட்டுவது, கதவைப் பிடித்துக்கொள்வது, தேவையில்லாமல் பேசுவது, இவை என் பொறுப்புகள். மூன்றாவதற்கு மட்டும் சம்பளத்தில் பிடித்தம் உண்டு.

பப்பின் பெயர் லேம் ஹார்ஸ் ஹோட்டல், அதாவது நொண்டிக் குதிரை. இந்த ஊரில் பப்பை ஹோட்டல் என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் ஒன்றில் நுழைந்து இரண்டு இட்லி கேட்டேன். இரண்டு பீர் வந்தது. சட்னி கேட்கவில்லை. நொண்டிக் குதிரை பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கூரையில் பாதி உள்ளே விழுந்து, வாடிக்கையாளர்கள் என்று மிஞ்சியவை புறாக்கள்தான். பீர் ஊறிய தரையைக் கொத்தித் தின்று அவை நேராகப் பறக்க மறந்துவிட்டன என்று ஊரில் சொல்வார்கள். சொன்னது நான்தான்.

"விடுங்கள் டோரத்தி, நான்தான் கூப்பிட்டேன்." முகமூடியைக் கழற்றியபடி வந்தாள் சிவகௌரி. எங்கள் கட்சிக்காரி. கையுறை முழுக்கப் புறா எச்சம். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, அரியரத்தினம் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து இந்தக் கட்டடத்தை வாங்கியவள். முன் பாரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் சமையலறை போட்டு, நண்டுக் கறியும் அப்பமும் விற்க வேண்டும் என்பது அவள் ஆசை.

உள்ளே போனோம். கவுண்டருக்குப் பின்னால் மூலையைக் காட்டினாள்.

ஒன்றுமில்லை. வெறும் சுவர்.

"இஞ்சதான் அக்கா பாட்டில் அடுக்கிற படி, பாட்டில் படி இருந்தது. கறுப்பு மரம், படிக்கட்டு மாதிரி ஏறிப் போகும். கப்பல் தச்சன் ஒருத்தன் செய்ததாம். அதை இடத்தை விட்டு அசைக்கக்கூடாது எண்ட ஒரே கண்டிஷன்லதான் கவுன்சில் பெர்மிஷன் தந்தது. திங்கள் காலமை வந்து கதவைத் திறந்தன், சுவர் மட்டும் நிண்டது. நாளைக்குக் காலமை கவுன்சில் ஆள் பாக்க வருது. படி இல்லையெண்டா பெர்மிஷன் போச்சு."

"போனா?" என்றாள் நிரூபா.

"போனா, ரெண்டு பங்காளியில ஆர் கேட்டாலும் கட்டடத்தை வித்தே ஆகோணும் எண்டு ஒப்பந்தம். பிளாட் கட்டுறவங்கள் வாசல்ல நிக்கிறாங்கள். எனக்கு வேலையும் இல்லை, பப்பும் இல்லை." காலடிக்கு வந்த ஒரு புறாவைக் காலால் விரட்டினாள். அது சாய்வாகப் பறந்தது.

"நாடகம்" என்றது வாசலிலிருந்து டோரத்தியின் குரல். "முதலில் படி காணாமல் போகும். பிறகு தீப்பிடிக்கும். பிறகு பிளாட். நாற்பது வருஷமாக இதே நாடகம்தான். நடிகர்கள் மட்டும் மாறுகிறார்கள்."

"நான் ஏன் என்ர பப்பை நானே கொள்ளையடிக்கிறன், விசரே எனக்கு?" என்று எங்களிடம் தமிழில் சீறினாள் சிவகௌரி.

"ஏனுங்க சண்டை?" என்று சாரத்திலிருந்து இறங்கி வந்தார் முரளிதரன். கோயம்புத்தூர்க்காரர், கட்டட கான்ட்ராக்டர். கையிலிருந்த பெரிய சுத்தியல், பிறவியிலேயே கூட வந்தது மாதிரி இருந்தது. "அந்த மரத்தைக் கரையானே தின்னுட்டு எச்சில்னு துப்பிருச்சு. என்கிட்ட விட்டிருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மொத்தக் கட்டடத்தையும் தரைமட்டமாக்கிட்டு, புதுசா கண்ணாடி மாளிகை எழுப்பியிருப்பனுங்க. பாரம்பரியமாம், பாரம்பரியம். பழைய குடிகாரன் சாஞ்ச சுவருக்குப் பேரு பாரம்பரியமா?"

டோரத்திக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திட்டு எந்த மொழியில் இருந்தாலும் அவருக்குப் புரியும் என்று நினைக்கிறேன். குடையை வாள் மாதிரி உயர்த்தினார்.

நிரூபா இதில் எதையும் காதில் வாங்கவில்லை. மூலையில் குனிந்திருந்தாள். பக்கச் சுவரில், மரம் மறைத்திருந்த இடம் மட்டும் வெளுப்பாக, படிக்கட்டு வடிவத்தில் தெரிந்தது. பின் சுவரில் திருகாணித் துளைகள். தரையில் ஒரு மரச்சிராய்கூட இல்லை.

"அங்கிள், அந்தப் பித்தளை பீர் குழாயைப் பாருங்கோ. கலர்க் கண்ணாடி ஜன்னலையும் பாருங்கோ."

"பார்த்தேன் பாஸ். நல்லா இருக்கு."

"விக்கிறதுக்குக் களவெடுத்தவன் அதுகளை விட்டிட்டுப் போவானோ? நாசம் பண்ண வந்தவன் ஒவ்வொரு ஆணியாக் கழட்டிக்கொண்டு நிப்பானோ? பெர்மிஷன்ல பேர் இருக்கிற சாமானை மட்டும் எடுத்திருக்கிறான். பிறகு பாருங்கோ, துருப்பிடிச்ச ஆணியளையும் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறான். பூட்டு உடையேல்லை. திறப்பு ஆரார்ட்ட இருக்கு, சிவகௌரி?"

"என்னட்ட, முரளி அண்ணாட்ட, அரியம் அண்ணையிட்ட. டோரத்தியிட்ட ஒரு பழைய திறப்பு இருக்கு. அவவின்ர தேப்பன் இஞ்ச பார்மேனாம். கேட்டா தரமாட்டா."

"தர மாட்டேன்" என்றார் டோரத்தி. 'கீ' என்ற சொல்லைச் சிவகௌரி சொல்லாமலேயே எப்படிப் பிடித்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"முரளி கழட்டுற ஆள் இல்லை, உடைக்கிற ஆள்" என்றாள் நிரூபா என்னிடம்.

"ரொம்ப நன்றிங்க" என்றார் முரளிதரன்.

"டோரத்தி எடுக்கிறதெண்டா பீர் குழாய், கதவு, புறா எல்லாத்தையும் சேர்த்தெல்லோ கொண்டுபோயிருப்பா. அப்ப மிச்சம் ஒராள். அவர் ஏன் இஞ்ச இல்லை?"

"அரியம் அண்ணையோ?" சிவகௌரி பதறினாள். "சீ, அவர் பாவம். கவுன்சில் கூட்டத்தில படியை விடக்கூடாதெண்டு மேசையில அடிச்சுக் கதைச்சவர். களவு போனதைச் சொன்னதும் போனில அழுதிட்டார். வீட்டில இந்தமுறை புதுசா கொலு வைச்சிருக்கிறார், விட்டிட்டு வரேலாதாம்."

* * *

அரியரத்தினத்தின் வீடு கிரான்பர்னில். அங்கே அடிக்கும் காற்று சாதாரணக் காற்று இல்லை. ஒரு தடவை கொடியில் உலர்த்தியிருந்த என் வேட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த வாரம் டாஸ்மேனியாவிலிருந்து தபாலில் வந்தது. மடித்து அனுப்பியிருந்தார்கள். நல்ல ஜனங்கள்.

வீட்டு முற்றத்தில் ஒரு டிரெய்லர் நின்றது. கராஜில் ஓடாத ஃபிரிட்ஜ் மூன்று, உடைந்த நாற்காலிகள், கூரை வரைக்கும் பழைய பேப்பர். எதையும் எறிய மனசு வராத மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

கதவு சங்கிலியோடு, ஒரு முகம் நுழையும் அளவுக்குத் திறந்தது. நெற்றி நிறைய விபூதி.

"ஆர்? ஓ, சிவகௌரி வைச்ச டிடெக்டிவோ? பப்புக்குள்ள நிண்டிட்டுத்தானே வாறியள்? உந்தக் காலோட உள்ள விடேலாது. கொலு இருக்கு."

"ரெண்டு கேள்விதான் அங்கிள்" என்றாள் நிரூபா.

"ரெண்டும் வேண்டாம். படி போனா எனக்கும்தானே நட்டம்? அந்தக் குடைக்காரக் கிழவியைப் போய்ப் பிடியுங்கோ. இல்லாட்டி அந்தச் சுத்தியல்காரனைப் பிடியுங்கோ. சாமி இருக்கிற வீட்டில வந்து நிண்டு ஆக்களைச் சந்தேகப்பட வெக்கமில்லையோ?"

"சரி அங்கிள். குடிக்கக் கொஞ்சம் தண்ணி?"

முனகிக்கொண்டே போனார். போன நேரத்தில் சங்கிலி இடைவெளியில் நாங்கள் இருவரும் கண்ணை வைத்தோம். கூடத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா. அதற்கு அப்பால் கொலு. வெள்ளைத் துணி விரித்த ஆறு படி. உச்சியில் பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் முருகன், முருகனுக்குப் பக்கத்தில் ஒரு கோலா. கீழே சிரிக்கும் புத்தர், தோட்டத்துக் குள்ளன், இரண்டு டைனோசர், ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. பொம்மை போதாமல் அவசரத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஜாம் பாட்டிலில் தண்ணீர் வந்தது. "பாட்டிலைத் திருப்பித் தந்திட்டுப் போங்கோ."

"ஆன்ட்டி இல்லையா சார்?" என்றேன், சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டியபடி.

"மனுசி கலியாணத்துக்கு ஊருக்குப் போட்டா. நீர் ஏன் உள்ளுக்கை மணந்து பாக்கிறீர்?"

கதவு சாத்திக்கொண்டது. என் மூக்கு சற்றே தாமதமாக வெளியே வந்தது.

* * *

காரில் நான் பேசவில்லை. நிரூபா திரும்பிப் பார்த்தாள். இது வழக்கத்துக்கு விரோதம்.

"என்ன அங்கிள், முகம் வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு?"

"கொலு வீட்டுக்குப் போயிட்டு வெறுங்கையோட திரும்புறது என் வாழ்க்கையிலயே முதல் தடவை. சுண்டல் இல்லை. தாளிச்ச வாசனைகூட இல்லை. வாசல்ல ஒரு பொம்பளை வந்து நிக்கிறா, குங்குமம் இல்லை, வெத்தலை பாக்கு இல்லை."

"மனுசன் கஞ்சன்."

"கஞ்சன்கூட கடலையை எண்ணியாவது போடுவான் பாஸ். கொலு வைக்கிறதே நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டத்தான். சங்கிலி போட்டுக் கொலு வைக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கட பக்கம் நவராத்திரிக்குக் கும்பம் வைக்கிறதுதான் பெரிசு. கொலு வைக்கிற ஆக்கள் இருக்கினம், ஆனா எனக்கு அதில அவ்வளவு விளக்கம் இல்லை. சொல்லுங்கோ, வேற என்ன பிழை?"

"பொம்மையை விடுங்க, பொழைச்சுப் போகட்டும். ஆனா படி? மூணு வைப்பாங்க, அஞ்சு வைப்பாங்க, வசதி இருந்தா ஒம்பது. எப்பவும் ஒத்தைப்படைதான். இவர் என்னடான்னா ஆறு. ஆறு படிக் கொலு எவன் வைப்பான்? ஆறு படிதான் கையில இருக்குன்னா ஒழிய..."

நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் என் பரம்பரையைப் பற்றிச் சில தகவல்கள் சொன்னார். பாதி எனக்கே புதிது.

"அந்தச் சுவர்த் தடத்தில எத்தினை படி அங்கிள்?" நிரூபாவின் குரல் மெதுவாக வந்தது.

"ஆறு."

"திங்கட்கிழமை படி காணாமல் போச்சு. நவராத்திரி எப்ப துடங்கினது?"

"திங்கட்கிழமை."

"துணி போட்டு மூடி, மேல சாமியை வைச்சிட்டா போலீஸ்காரனும் தொடமாட்டான், கவுன்சில்காரனும் தொடமாட்டான். மூளைதான்." ஒரு நிமிஷம் ரசித்தாள். பிறகு முகம் இறுகியது. "போலீசுக்குச் சொன்னா அவங்கள் பேப்பர் நிரப்பி முடிக்க நாளைக்குக் காலமை போயிடும். அந்தச் சங்கிலியைத் தாண்டி இண்டைக்கே உள்ள போகோணும். அங்கிள், கொலு பாக்க வந்த பொம்பிளையளை ஒருத்தர் வாசல்ல நிப்பாட்டேலுமோ?"

"முடியவே முடியாது. நிறுத்தினா அது கொலு இல்லைன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி."

அவள் போனை எடுத்தாள். "சிவகௌரி, வீட்டில கடலை இருக்கோ? ஒரு பெரிய சட்டியில அவியப் போடும். ஓம், இப்பவே."

* * *

வெயில் சாய்வதற்குள் கிரான்பர்ன் தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி ஓடியிருந்தது: அரியரத்தினம் அண்ணை வீட்டில் கொலு, எல்லாரும் வாங்கோ. தெரு முழுக்கக் கார். பட்டுச் சேலைகள் காற்றில் படபடத்தன. நான் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சுண்டல் அண்டாவைச் சுமந்தவர் முரளிதரன். "இதையுமா நான் தூக்கணும்? பழைய கட்டடத்துக்குக் கான்ட்ராக்ட் எடுத்தா இப்படித்தானுங்க" என்று எல்லாரிடமும் புகார் சொன்னார். கடைசியில் குடையோடு டோரத்தி. "கொள்ளைக்காரர்களின் விருந்துக்கு நான் வரவில்லை, சாட்சி சொல்ல வந்தேன்" என்று அறிவித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றுகொண்டார்.

கதவு இடைவெளியில் அரியரத்தினத்தின் முகம் வெளுத்தது. "ஆர் உங்களையெல்லாம் கூப்பிட்டது?"

"கொலுவுக்கு ஆராவது கூப்பிடோணுமோ அண்ணை?" என்றார் முன்னால் நின்ற அம்மாள் தாம்பாளத்தோடு. "திறவுங்கோ. சாமியைப் பூட்டியே வைச்சிருக்கிறியள்?"

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "மனுசி இல்லாத நேரத்தில என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறார்?"

சங்கிலி விழுந்தது.

கூடம் நிரம்பியது. ஒருவர் பாட ஆரம்பித்தார். அரியரத்தினம் படிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "பாக்கலாம், தொடேலாது! விஜயதசமி மட்டும் ஒருத்தரும் ஒண்டும் அசைக்கக்கூடாது."

நிரூபா சிவகௌரியைப் பார்த்தாள். சிவகௌரிக்குக் காரிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவள் கைகூப்பி நின்றாள், கண் கலங்கியிருந்தது. "அவர் சொல்லுறது சரிதானே அக்கா" என்றாள் தாழ்ந்த குரலில். "வைச்ச சாமியை நான் எப்பிடி எடுக்கிறது? பப் போனாலும் பரவாயில்லை, அதை மட்டும் என்னால ஏலாது."

அரியரத்தினத்தின் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அதை நான் பார்த்தேன். டோரத்தியும் பார்த்தார்.

டோரத்தி எதையும் அசைக்கவில்லை. சோபாவைச் சுற்றிக்கொண்டு போய், முட்டி மடக்கி உட்கார்ந்தார். குடை நுனியால் கீழ்ப் படியின் ஓரத்தில் துணியை ஒரு சாண் தூக்கினார். கறுப்பு மரம். அதன்மேல் பாட்டில் அடிகளின் வட்டம் வட்டமான தழும்புகள். பலகையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது என் பல்" என்றார்.

பாட்டு நின்றது.

"எனக்குப் பல் முளைத்தபோது அப்பா என்னைக் கவுண்டருக்குப் பின்னால்தான் உட்கார வைத்திருப்பார். இந்தப் பலகையைக் கடித்துத்தான் நான் வளர்ந்தேன். நான்கு பல். வேண்டுமானால் அளந்து பாருங்கள்." எழுந்து நின்று குடையை அரியரத்தினத்தின் மார்பில் வைத்தார். "திருடன்."

"பழைய மரம் எல்லாத்திலயும் எலி கடிச்சிருக்கும்!" என்று கத்தினார் அரியரத்தினம்.

நிரூபா அலமாரிக்கு மேலிருந்த ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தாள். நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாக வரலாறு இல்லை. குலுக்கினாள். கடகடவென்று சத்தம். திறந்து காட்டினாள். துருப்பிடித்த திருகாணிகள்.

"எரிச்சிருந்தா உங்களை ஒருத்தராலும் பிடிச்சிருக்கேலாது அங்கிள். ஏன் எரிக்கேல்லை?"

அரியரத்தினம் பிளாஸ்டிக் உறை கிறீச்சிட சோபாவில் உட்கார்ந்தார். "நல்ல மரம் பிள்ளை. மனம் வரேல்லை."

"ஆணி?"

"நல்ல ஆணி."

"நீங்கள் கவுன்சில்ல மேசையில அடிச்சுக் கதைச்சது?" என்றாள் சிவகௌரி. குரல் ஈட்டி மாதிரி இருந்தது.

"அந்தக் கண்டிஷன் இருந்தாத்தானே பெர்மிஷன் போகும்?" என்றார் அவர், குழந்தைக்குப் பாடம் சொல்வது போல. "உனக்கென்ன, அப்பம் சுடுற ஆசை. பிளாட் எண்டா ரெண்டு பேருக்கும் நல்ல விலை. என்னைக் கும்பிடோணும் நீ."

சிவகௌரி அவரைக் கும்பிடவில்லை. படியைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உச்சியிலிருந்த பிள்ளையாரை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்தாள்.

"எடுக்கேலாதெண்டெல்லோ சொன்னாய்?" என்று எகிறினார் அரியரத்தினம்.

"எடுக்கேல்லை அண்ணை. இடம் மாத்திறன். நாங்கள் எத்தினை தரம் வீடு மாறினனாங்கள்? சாமியும் ஒருக்கா மாறட்டும்." திரும்பினாள். "உங்கட பங்கைப் பற்றி என்ர வக்கீல் கதைப்பார். முரளி அண்ணா, ஆணியை எடுங்கோ."

பெண்கள் ஆளுக்கொரு பொம்மையாக ஏந்திக்கொண்டு காரில் ஏறினார்கள். டைனோசர் என் மடியில் வந்தது. படி, போன அதே டிரெய்லரில் பப்புக்குத் திரும்பியது. முரளிதரன் வாழ்நாளிலேயே முதல் தடவையாகச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, திருகாணி முடுக்கினார். "இந்தக் கொடுமையெல்லாம் என் பசங்களுக்குத் தெரியக் கூடாதுங்க" என்றார். பாட்டில் படி அதன் மூலையில், அந்த வெளுத்த தடத்தில் வந்து பொருந்தியது.

அங்கேதான் அடுத்த சண்டை. ஆறு படியில் கொலு வைக்கக் கூடாது, மேலே ஒரு பலகை போட்டு ஏழாக்கலாம் என்றேன் நான். மொழிபெயர்த்துச் சொன்னதும் டோரத்தி பாய்ந்து வந்தார். "ஒரு குச்சியைக் கூட்டினாலும் கோர்ட்டுக்கு இழுப்பேன்!" கத்திக் கத்திக் கடைசியில் முடிவானது: கீழ்ப் படி, பல் பட்ட படி, காலி. அது பீருக்கு. மற்ற ஐந்தும் சாமிக்கு.

மறுநாள் காலை வந்த கவுன்சில் அதிகாரி பாதிக் கூரையின் கீழ் விளக்கேற்றியிருந்த கொலுவைப் பார்த்தார். தன் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி கொலுவைப் பார்த்தார். கன்னத்தில் ஒரு தடவை கிள்ளிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். சிவகௌரி சத்தமில்லாமல் கவுண்டரில் தலையைச் சாய்த்தாள்.

டோரத்தி சுண்டலில் உப்பு போதாது என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று குடை நீண்டது, மூன்றாம் படியிலிருந்த கிறிஸ்துமஸ் தாத்தாவை நோக்கி.

"அது பிளாஸ்டிக். இந்தப் படியின் காலத்துக்குச் சம்பந்தமில்லாதது. இறக்குங்கள்."

சிவகௌரி எழுந்து வந்து குடைக்கும் படிக்கும் நடுவில் நின்றாள்.

"முடியாது டோரத்தி. வைத்தது வைத்ததுதான். இனிமேல் அதை அசைக்கக் கூடாது."

டோரத்தியின் குடை கீழே இறங்கியது.